குளிரறைச் சுவர்ப் பலகைகளைத் தெரிவு செய்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே கார்த்திகை மாதத்தில் நடப்படும் உருளைக்கிழங்கு மாசி, பங்குனி மாதங்களிற் கிண்டி எடுக்கப்படுகின்றது. அங்ஙனம் எடுத்த கிழங்கிலே நல்லவற்றைப் பொறுக்கி அடுத்த கார்த்திகை வரைக்கும் விதைக்கென வைத்திருத்தல் வேண்டுமாயின், இடையில் எட்டு மாதங்கள் கழிதல் வேண்டும். வருடத்தின் வெப்பமிகுந்த மாதங்கள் யாவும் அவ்வெட்டினுள் அடங்கும். கிழங்கு இயல்பாக உறங்குங் காலமோ இரண்டு மூன்று மாதங்களே. அதன் பின்னர் அது முளைகொண்டு, நீர் வற்றிச் சுருங்கி, நடுகைக்கு முன்னரே பயனற்றுப் போகும். 2 முதல் 4 பாகை செல்சியசு வரையான வெப்பநிலையிலும், நூற்றுக்கு 85 முதல் 95 வரையான ஈரப்பதனிலும் வைக்கப்படுமாயின் அதே கிழங்கு எட்டு மாதமும் கெடாது கிடக்கும். சங்கக் கூட்டங்களிலே குளிரறை வேண்டும் என்னும் பேச்சு எழுவது இதனாலேயாம்.

பேச்சு எழுந்தவுடன் யாவரும் விசாரிப்பது பொறியைப் பற்றியே. எத்தனை குதிரைவலு, எந்த நாட்டிற் செய்தது, எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்பவர் பலர். அப்பொறி உண்டாக்கிய குளிரை உள்ளே வைத்திருக்கப்போவது சுவரே என்பதை எண்ணுபவர் சிலரே. விலைமனு கோரும் அறிவித்தலிலே "6 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 3 மீற்றர் உயரமுள்ள குளிரறை ஒன்று" என்று மாத்திரம் எழுதிவிட்டு, வந்த மனுக்களுள் மிகக் குறைந்த தொகையை ஏற்றுக்கொள்ளுஞ் சங்கம், தானறியாமலே மிக மெல்லிய சுவரைத் தெரிவு செய்துகொள்கின்றது. தடிப்பு இன்னதென்று கூறாத அறிவித்தலுக்குக் குறைந்த தொகை எழுதக்கூடியவர் மெல்லிய பலகை கொடுப்பவரேயன்றி வேறு யார்? அவர்மீது குற்றஞ் சுமத்துதல் நியாயமன்று. கேட்டதை அவர் கொடுத்தார். கேட்கத் தெரியாதது சங்கத்தின் குறை.

பெரிய திட்டங்களுக்கு இக்குறை நேருவதில்லை. 2025 ஏப்பிரிலில் தம்புள்ளையிலே இந்திய உதவியுடன் திறந்துவைக்கப்பட்ட 5000 தொன் கொள்ளளவுள்ள குளிர்களஞ்சியம் போன்றவற்றை வகுப்பதற்குப் பொறியியலாளர் உளர். பத்துத் தொன் கிழங்குக்கு அறை கட்ட எண்ணுங் கமக்காரர்க்கு அத்தகைய துணை இல்லை. ஆதலின் அவர்களே சிறிது கற்றுக்கொள்ளுதல் வேண்டும். கற்கவேண்டியதும் பெரிதன்று.

கடைகளிலே "பனல்" என்று வழங்கும் காவற்பலகை இரு மெல்லிய தகடுகளுக்கு இடையே நுரைபோன்ற ஒரு பொருளை வைத்து ஒட்டியதாகும். தகடு பெரும்பாலும் நாகம் பூசி அதன்மேல் வர்ணம் ஏற்றிய அரை மில்லிமீற்றர்த் தடிப்புள்ள உருக்கு. வெப்பத்தைத் தடுப்பது தகடன்று. நடுவிலுள்ள நுரையின் சிறு கண்ணறைகளிலே அசையாது அடைபட்டிருக்குங் காற்றும் வாயுவுமே. முற்காலத்துக் குளிர்களஞ்சியங்களிலே தக்கைப் பலகையும் மரத்தூளும் செய்த வேலையை இன்று இந்நுரை செய்கின்றது.

நுரை பலவகைப்படும். வெண்ணிறமாய், உருட்டிய மணிகள் ஒட்டியதுபோலத் தோன்றும் பொலிசுத்தைரீனை நம் நாட்டார் "ரெஜிபோம்" என்பர். மீன்பெட்டிகளிற் காணப்படுவது அதுவே. விலை மலிவு. மங்கிய மஞ்சள் நிறமாய், நெருங்கிய கண்ணறைகளுடன் இருப்பது பொலியூரத்தேன். அதே குலத்தைச் சேர்ந்து தீயைச் சற்று அதிகம் தாங்குவது "பீ.ஐ.ஆர்." என வழங்கப்படுவது. இவற்றைவிட, கல்லை உருக்கி இழையாக்கிச் செய்யும் பாறைக்கம்பளிப் பலகையும் உண்டு. அது எரியாது, ஆனால் பாரமானது, ஈரத்துக்கு அஞ்சுவது.

வெப்பத்தைக் கடத்தும் அளவைக் கொண்டு நோக்கினால் பொலியூரத்தேனுக்கு ஏறக்குறைய 0.024 என்றும், ரெஜிபோமுக்கு 0.038 என்றுங் கொள்ளலாம். எண் குறையக் காவல் கூடும். பாறைக்கம்பளி ரெஜிபோமுக்கு அண்மையிலே நிற்கும். இதிலிருந்து பொலியூரத்தேன் எப்போதும் மேலானது என்று முடிவு கட்டிவிடுதல் தவறு. 50 மில்லிமீற்றர்ப் பொலியூரத்தேன் சுவரிலும் பார்க்க 100 மில்லிமீற்றர் ரெஜிபோம் சுவர் குறைந்த வெப்பத்தையே உட்புக விடும். பெயரைக் கேட்டு வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே. "பொலியூரத்தேன் பனல்" என்ற சொல்லிலே சங்கத்தார் மகிழ்ந்துபோக, விற்பவர் அதன் தடிப்பைப் பாதியாக்கிவிடலாம். பெயரும் தடிப்பும் சேர்ந்தே சுவராகும்.

மேற்கூறிய அறையையே உதாரணமாக எடுத்துக்கொள்க. நான்கு சுவரும் கூரைப்பலகையுஞ் சேர்ந்து 84 சதுர மீற்றர். வெளியே 32 பாகை, உள்ளே 4 பாகை. வித்தியாசம் 28 பாகை. 50 மில்லிமீற்றர்ப் பொலியூரத்தேன் பலகையாயின் இப்பரப்பினூடாக இடையறாது புகும் வெப்பம் ஏறக்குறைய 1130 வாற்று. 100 மில்லிமீற்றராயின் 565 வாற்று. 100 மில்லிமீற்றர் ரெஜிபோமாயின் 895 வாற்று. ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு இரண்டரை அலகு வெப்பத்தைப் பொறி வெளியேற்றும் என்று வைத்துக்கொண்டால், மெல்லிய பலகையால் நாளொன்றுக்கு 10.8 அலகும், தடித்த பலகையால் 5.4 அலகும் செலவாகும். வருடத்திலே வித்தியாசம் ஏறக்குறைய 2000 அலகு. இது சுவருக்கும் கூரைக்கும் மாத்திரமே. அறை பதினைந்து வருடம் நிற்கும் என்று எண்ணினால் 30,000 அலகு. 2022 ஓகத்து மாதத்திலும் 2023 பெப்ரவரி மாதத்திலும் மின்கட்டணம் எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பதைச் சங்கப் பொருளாளர் மறந்திருக்கமாட்டார். கட்டணம் பின்னர் குறைந்தாலும் கூடினாலும் மெல்லிய சுவர் மெல்லிய சுவராகவே நிற்கும்.

"பலகை மெல்லியதாயின் என்ன, பொறியைச் சற்றுப் பெரிதாக வைத்துவிட்டாற் போதாதா?" என்று கேட்போர் உளர். அறை குளிரும் என்பது மெய்யே. ஆனால் மிகையாகப் புகும் வெப்பத்தை அகற்றுவதற்குப் பொறி மிகையாக ஓடல் வேண்டும். அது ஓடும் வேளையெல்லாம் அதன் குளிர்ந்த குழாய்களிலே அறைக்காற்றின் ஈரம் படிந்து நீராக வெளியே வடிந்துகொண்டிருக்கும். அந்நீர் எங்கிருந்து வந்தது? கிழங்கிலிருந்தே வந்தது. மெல்லிய சுவருள்ள அறையிலே வெப்பமானி 4 பாகை காட்டினாலும் சாக்கை நிறுத்துப் பார்த்தால் எடை குறைந்திருப்பதைக் காணலாம். கமக்காரர் இழப்பது மின்கட்டணம் மாத்திரமன்று என்பதற்கு இதுவே சான்று.

மின்சாரம் தடைப்படுங் காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2022 மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு இருந்தது. பத்துத் தொன் கிழங்கு அடுக்கிய மேற்படி அறையிற் கதவைத் திறவாது 13 மணித்தியாலம் வைத்தால், சுவரினூடு புகும் வெப்பத்தினால் மாத்திரம் தடித்த பலகை அறையிற் கிழங்கின் வெப்பநிலை சராசரி முக்காற் பாகை வரை உயரும். மெல்லிய பலகை அறையில் ஒன்றரைப் பாகை உயரும். கிழங்கின் சுவாசத்தால் உண்டாகும் வெப்பம் இதனோடு சேரும். கூரைக்கு அண்மையிலுள்ள மேலடுக்குகள் இன்னுங் கூடுதலாகவே சூடேறும். ஒருநாள் தாங்கலாம். அடுத்தடுத்த நாட்களிலும் இவ்வாறே நேருமாயின் விதைக்கிழங்கு விழித்துக்கொள்ளும். பிறப்பாக்கி வாங்கப் பணமில்லாத சங்கத்துக்கு அந்த மேலதிக 50 மில்லிமீற்றரே பிறப்பாக்கியாகும்.

எனவே விதைக்கிழங்கு, கரற் முதலியவற்றை வைக்கும் அறைக்கு 100 மில்லிமீற்றர்ப் பொலியூரத்தேன் பலகையே தகுந்தது. மீன் முதலியவற்றை உறையவைத்துச் சுழியத்துக்குக் கீழ் 18 பாகையில் வைக்கும் அறைக்கு 150 மில்லிமீற்றர் வேண்டும். 13, 14 பாகையில் வைக்கவேண்டிய வாழைக்காய் அறைக்கு மாத்திரம் 75 மில்லிமீற்றர் போதும். பணமுடையினால் ரெஜிபோம் பலகையே வாங்க நேர்ந்தால் 150 மில்லிமீற்றருக்குக் குறையாமல் வாங்குக. அப்போதுதான் அது 100 மில்லிமீற்றர்ப் பொலியூரத்தேனுக்குக் கிட்டவாவது வரும். வெங்காயச் செய்கையாளர்க்கு ஒரு சொல்: அரைகுறைக் குளிர் வெங்காயத்துக்கு ஆகாது. 5 பாகைக்கும் 20 பாகைக்கும் இடையில் அது எளிதாக முளைக்கும். காற்றோட்டமான கொட்டிலிற் பிடிகட்டித் தொங்கவிடும் பழைய வழக்கம் அத்தகைய குளிரறையைவிட மேலானது.

தடிப்பை அறிந்து வாங்கியபின்னும் அறை கெடுவது பொருத்துகளினாலேயாம். வெளிக்காற்று 30 பாகை வெப்பத்துடனும் நூற்றுக்கு 80 ஈரப்பதனுடனும் இருக்கும்போது அதிலுள்ள நீராவியின் அமுக்கம் 4 பாகைக் குளிரறையின் ஆவியமுக்கத்தைப்போல நான்கு மடங்குக்கு மேற்பட்டது. ஆகையால் ஆவி இரவும் பகலும் உள்நோக்கியே தள்ளும். உருக்குத் தகட்டை அது ஊடுருவாது. இரு பலகைகள் சந்திக்கும் இடத்திலே மயிரளவு இடைவெளி இருந்தாற் போதும். அங்கே புகுந்த ஆவி 26 பாகைக்குக் கீழே குளிர்ந்தவுடன் நீராகி நுரையில் ஊறும். நீர் பொலியூரத்தேனைப்போல 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும். நுரை நனைந்த சுவர் பெயரளவிலேயே காவலாகும். அந்த நனைவு வெளியே தெரிவதுமில்லை. மின்பட்டியல் மாதந்தோறும் சிறிது சிறிதாக ஏறுவதே அதன் அடையாளம்.

ஆதலினாலே பலகையின் ஓரம் ஒன்றினுள் ஒன்று புகுந்து பொருந்தும் நாக்கும் பள்ளமும் உடையதாயும், உள்ளே கொளுவி இறுக்கும் பூட்டுகள் உடையதாயும் இருத்தல் நன்று. வெறும் ஓரத்தோடு ஓரம் வைத்துத் திருகாணியால் இணைத்த பலகையை ஏற்கவேண்டாம். பொருத்தின் வெளிப்பக்கத்திலே, அதாவது வெப்பமான பக்கத்திலே, சிலிக்கன் பசை இடையறாது ஓடல் வேண்டும். உள்ளே மாத்திரம் அழகாகப் பூசிவிட்டு வெளியே விட்டுவிடும் வேலையாட்கள் உளர். அது புகுந்த ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும் வேலையாகும். மின்கம்பிக்கும் குளிர்க்குழாய்க்கும் துளைத்த துளைகளையும் அவ்வாறே அடைத்தல் வேண்டும். இத்துளைகளினூடாகவே எறும்பும் நுரைக்குள்ளே குடியேறும்.

பழைய பலகைகளும், கப்பலிலே வந்த பழைய குளிர்கொள்கலன்களும் மலிவாகக் கிடைக்கின்றன. இவற்றை முற்றாக விலக்கவேண்டும் என்பதன்று. நிறுத்துப் பார்த்து வாங்கவேண்டும் என்பதே. 100 மில்லிமீற்றர்ப் பொலியூரத்தேன் பலகையில் ஒரு சதுர மீற்றரிலே இரு தகடுகளும் சேர்ந்து 8 கிலோகிராம், நுரை 4 கிலோகிராம், ஆக 12 கிலோகிராம் வரையில் இருக்கும். ஒரு மீற்றர் அகலமும் 3 மீற்றர் நீளமும் உள்ள பலகை 36 கிலோகிராமுக்கு அதிகம் கூடலாகாது; இருவர் இலகுவிலே தூக்கிவிடலாம். நால்வர் பிடித்துத் தூக்கவேண்டியிருப்பின் அது நீர் குடித்த பலகை. இனாமாகத் தந்தாலும் அதை வாங்கவேண்டாம். கொள்கலனை இவ்வாறு நிறுக்க முடியாது. அதன் அடிப்பகுதியில் ஓரிடத்தைத் துளைத்து நுரையை விரலாற் பிழிந்து பார்ப்பதே வழி. துளைக்க விடாத வியாபாரியிடம் பேசிப் பயனில்லை.

புதுப்பலகையையும் இவ்வாறு சோதிக்கலாம். விற்பவரிடம் வெட்டுத்துண்டு ஒன்று கேட்டு வாங்கி, தகட்டை உரித்து, எல்லாப் பக்கமும் பத்துச் சென்ரிமீற்றர் வருமாறு நுரையைச் சதுரமாய் அறுத்து நகைக்கடைத் தராசிலோ மருந்துக்கடைத் தராசிலோ நிறுக்க. நல்ல பொலியூரத்தேன் 40 கிராம் வரையில் நிற்கும். 30 கிராமுக்குக் கீழே போனால் அது காற்றை அதிகமாக ஊதிப் பருக்கச் செய்த நுரை. தகடு நாளடைவிலே கழன்று சுவர் நெளியும். ரெஜிபோமாயின் 15 முதல் 20 கிராம் வரையில் இருத்தல் வேண்டும். இச்சோதனைக்குச் செலவு ஒன்றுமில்லை.

தீயைப் பற்றி எவரும் பேச விரும்புவதில்லை. தென்கொரியாவில் இச்சியோன் என்னும் ஊரிலே கட்டப்பட்டுக்கொண்டிருந்த களஞ்சியம் ஒன்றில் 2020 ஏப்பிரிலில் மூண்ட தீயினால் 38 பேர் மாண்டனர். அதே ஊரின் குளிர்களஞ்சியம் ஒன்றிலே 2008 சனவரியில் 40 பேர் மாண்டிருந்தனர். இரண்டிலும் பொலியூரத்தேன் நுரை தீயைப் பரப்பி நச்சுப்புகையைக் கக்கியது. ரெஜிபோமோ சூட்டிலே உருகி ஒழுகி எரியும். அளவிற் சிறிய அறைக்கும் இது பொருந்தும். பலகை நிறுத்திய பின்னர் அதனருகே ஒட்டுவேலை செய்வித்தல் ஆகாது. கம்பிகள் பலகைக்குள்ளே ஓடாமற் குழாயினுள்ளே ஓடல் வேண்டும். குளிரறை நெற்களஞ்சியத்தோடோ வீட்டோடோ ஒட்டியதாயின், சேர்ந்திருக்கும் அப்பக்கத்துக்காவது பாறைக்கம்பளிப் பலகையையோ பீ.ஐ.ஆர். பலகையையோ வைத்தல் வேண்டும். விலை கூடும் என்பர். கூடத்தான் செய்யும்.

நிலத்தை மறப்போரும் உளர். கீழே மண்ணின் சூடு வருடம் முழுவதும் 28 பாகையை அடுத்தே நிற்கின்றபடியால் நிலத்துக்கும் காவல் வேண்டும். தடித்த பொலித்தீன் விரித்து, பாரந்தாங்கும் நெருக்கமான நுரைப்பலகை பரப்பி, மேலே சீமெந்துக் கலவை இட்டால் அடுக்கிய பெட்டிகளின் பாரத்துக்கு அது நெரியாது. உறையவைக்கும் அறைக்கு நிலத்தடி உறைந்து மேலெழாமலிருக்க வேறு ஏற்பாடு வேண்டும். அதைச் சங்கம் தானாகச் செய்ய முயலலாகாது.

குளிரறையை வெயிலிலே தனியே நிறுத்துதல் தவறு. கிடுகுக் கூரையோ தகரக் கூரையோ மேலே இருக்கவேண்டும். கூரைக்கும் பலகைக்கும் இடையே ஆள் தவழ்ந்து செல்லக்கூடிய வெளி விட்டு, இரு அந்தங்களையுந் திறந்து காற்றோடச் செய்க. கடலோரத்திலே உப்புக்காற்று வெட்டிய விளிம்புகளைக் கறள் பிடிக்கச் செய்யும். அங்கே விளிம்புகளுக்கெல்லாம் வர்ணம் இடுவித்தல் வேண்டும். மீன் வைக்கும் அறையின் உட்புறத்துக்குக் கறையில் உருக்குத் தகடே ஏற்றது.

இனி விலைமனு கோரும் அறிவித்தலை எவ்வாறு எழுதுதல் வேண்டும் என்பது தெளிவாகும். அறையின் அளவோடு, வைக்கப்படும் பொருள், உள்ளே வேண்டிய வெப்பநிலை, நுரையின் பெயர், அதன் அடர்த்தி, பலகையின் தடிப்பு, தகட்டின் தடிப்பு, பொருத்தின் வகை என்பவற்றையும் எழுதி, வெட்டுத்துண்டு ஒன்றை மனுவுடன் அனுப்பும்படி கேட்க. அதன்பின் மிகக் குறைந்த தொகையை ஏற்பதிலே பிழை ஒன்றுமில்லை. ஏனெனில் அப்போது எல்லாரும் ஒரே சுவருக்கே விலை கூறுகின்றனர். தொகை சங்கத்தின் கையிருப்புக்கு மேற்பட்டால் பலகையைக் குறைக்காமல் அறையைக் குறைக்க வேண்டும். பத்துத் தொன்னுக்குப் பதிலாக ஏழு தொன் வைக்கலாம். பொறி பழுதடைந்தால் ஒருநாளிலே மாற்றலாம். சுவரை மாற்றுவதற்கு அறை முழுவதையும் கழற்றல் வேண்டும்.

அறை கட்டி முடிந்ததும், பொறியை ஓடவிடுமுன்னர், நடுப்பகலிலே சங்கத்தார் இருவர் உள்ளே சென்று, கதவு உள்ளிருந்து திறக்கின்றதா என்பதை முதலிற் பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்தி விளக்கை அணைத்துக் கண் இருளுக்குப் பழகும்வரை நிற்க வேண்டும். வெளிச்சம் கீற்றாகத் தெரியும் இடம் யாவும் ஆவியும் புகும் இடமாகும். கதவின் இறப்பர் விளிம்பிலும், கூரையும் சுவரும் சந்திக்கும் மூலைகளிலும், குழாய் நுழையும் துளையிலும் அது பெரும்பாலும் தெரியும். அவ்விடங்களைச் சுண்ணக்கோலினாற் குறித்து, அவை வெளிப்பக்கத்திலிருந்து அடைக்கப்பட்டதை மறுபடியும் அவ்வாறே பார்த்த பின்னரே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுத்தல் வேண்டும்.